சக்கரைன்னா சக்கரைதான்

அத்தியாயம் 14

வயிற்றெரிச்சலுக்கு மருந்துக்கடையில் மாத்திரை உண்டு. ஐந்து நாளாகப் பாஞ்சாலிக்கு இருந்த வயிற்றெரிச்சலுக்கு மட்டும் பெங்களூர் காக்ஸ் டவுன் முழுக்கத் தேடினாலும் மருந்து கிடைக்காது.

எல்லாம் மௌரீன் மேடம் வாயைத் திறந்ததில் வந்த வினை.

மேடத்தைத்தான் உங்களுக்குத் தெரியுமே. காக்ஸ் டவுனில் ஓட்டு வீட்டில் தனியாக இருக்கும் ஆங்கிலோ இந்திய அம்மாள். கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் அவருடைய சாக்லேட் ஃபட்ஜுக்கு முப்பத்தெட்டு வீடுகளிலிருந்து ஆர்டர் வரும். ஃபட்ஜ் என்றதும் மலைத்துவிடாதீர்கள். பால்கோவாவுக்கும் மைசூர்பாகுக்கும் நடுவில் ஒரு சாக்லேட் துண்டு, அவ்வளவுதான். அடுப்பில் ஏற்றினால் இருபது நிமிடத்தில் தட்டில் கொட்டிவிடலாம். அந்த அடுப்புப் பக்கத்தில் பதினோரு வருடமாக நின்று கிண்டியவள் நம் பாஞ்சாலி.

வருகிற ஜனவரியில் மேடம் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் இருக்கும் மகளிடம் போய்ச் சேர்கிறார். போவதற்கு முன் தட்டுகள், அச்சுகள், முப்பத்தெட்டு வீட்டு விலாசமும் எழுதிய ஆர்டர் நோட்டு, எல்லாவற்றையும் ஒருத்தர் கையில் ஒப்படைக்கப் போகிறார். அது தன் கைதான் என்பதில் பாஞ்சாலிக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஜீவனஹள்ளியில், தன் வீட்டு அடுப்பில், தன் பேரில் ஒரு தொழில். இன்னொருத்தர் வீட்டு எச்சில் தட்டைத் தொடாத ஒரு வாழ்க்கை. அதை நினைத்து நினைத்தே அவள் இந்த வருடத்தை ஓட்டியிருந்தாள்.

போன திங்கட்கிழமை வால்நட் உடைக்க ஆள் போதவில்லை என்று தன் ஓரகத்தி ஜெயலட்சுமியைக் கூட்டிக்கொண்டு போனாள். யாராவது போகச் சொன்னார்களா? இவளே கூட்டிக்கொண்டு போனாள். சாயங்காலம் மேடம் ஜெயாவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குட் ஹேண்ட், பாஞ்சாலி! இவ கை ரொம்ப ஃபாஸ்ட், ரொம்ப க்ளீன். ஒண்ணு செய்யி. சனிக்கிழமை ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு ட்ரே ஃபட்ஜ் செஞ்சு எடுத்துட்டு வா. எது பெஸ்ட்டோ அவளுக்குத்தான் நோட்டு."

பதினோரு வருடம் ஒரு பக்கம். ஒரு நாள் ஒரு பக்கம். நியாயமா இது, நீங்களே சொல்லுங்கள்.

இன்று அந்தச் சனிக்கிழமை.

* * *

காலை ஆறரைக்கெல்லாம் பாஞ்சாலி தன் தட்டை முடித்துவிட்டாள். ஜெயா குழாயடியில் குடத்தோடு வரிசையில் நிற்கும் நேரமாகப் பார்த்து அடுப்பைப் பற்றவைத்தாள். கிண்டினாள், கொட்டினாள், வில்லை போட்டாள், சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். ஒரு பொட்டு கோகோகூடத் தரையில் இல்லை.

ஏழு மணிக்கு ஜெயா ஒரு பழைய காலண்டர் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, கொஞ்சம் அளவு சொல்றீங்களா? அன்னைக்கு மேடம் கிண்டுறப்ப நான் பின்னாடி வால்நட்டு உடைச்சுக்கிட்டு இருந்தேன். பாதிதான் பாத்தேன்."

துணிச்சலைப் பாருங்கள். போட்டிக்கு நிற்கிறவள் எதிராளியிடமே வந்து அளவு கேட்கிறாள். இது வெகுளித்தனமா, கெட்டிக்காரத்தனமா என்று பாஞ்சாலிக்கு இன்றுவரை பிடிபடவில்லை. இந்தப் பெண் வீட்டுக்கு வந்தே ஆறு வாரம்தான் ஆகிறது. ஆஃப்செட் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டும் சுனிலை முதலாளி மூன்று மாதம் வேலை கற்றுக்கொள்ளச் சிவகாசிக்கு அனுப்பினார். அவன் வேலையோடு காலண்டர் ஒட்டுகிற ஜெயாவையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு வந்துவிட்டான்.

சுனில் பாஞ்சாலிக்குக் கொழுந்தன் மட்டுமல்ல. அவள் கல்யாணமாகி வந்தபோது அவனுக்குப் பதினொரு வயது, தாயில்லாப் பிள்ளை. ஊட்டிவிட்டு, பேன் பார்த்து, காய்ச்சலுக்குக் கண்விழித்து வளர்த்தவள் அவள்தான். புருஷன் பச்சைமுத்து பெயின்ட் வேலை பெயின்ட் வேலை என்று பாதி நாள் ஓசூரில் கிடப்பான். இந்த வாரமும் அங்கேதான்.

"இன்னா சொல்லணும்? எழுதிக்கோ," என்றாள் பாஞ்சாலி. "கன்டென்ஸ்டு மில்க்கு ஒரு டின்னு. கோகோ அரை கப்பு. வெண்ணெ நூறு கிராம். வால்நட்டு ஒரு கைப்பிடி. எசன்ஸு ஒரு மூடி. உப்பு ஒரு சிட்டிகை, மறந்துடாதே. சக்கரை ஒண்ணரை கப்பு."

ஒன்றுகூடப் பொய் இல்லை. அளவு அத்தனையும் சரி.

ஜெயா பென்சிலை நிறுத்தி நிமிர்ந்தாள். "சக்கரையாக்கா? இதுக்கா?"

பாஞ்சாலிக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜெயாவின் ஊர்ப்பக்கம் வெள்ளையாக இருப்பதற்குப் பெயர் சீனி. சக்கரை என்றால் பழுப்பாக, வெல்லத்தூள் மாதிரி இருக்குமே, அது. பெங்களூரில் வெள்ளையாக இருப்பதுதான் சக்கரை. கல்யாணமாகி வந்த நான்காம் நாள் "சக்கரை வாங்கினு வாம்மா" என்று அனுப்பியதற்கு அந்தப் பெண் தெருத் தெருவாக அலைந்து ஒரு கிலோ நாட்டுச் சக்கரையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. வீடு நிறைய விருந்தாளிகள். புதுப்பெண் அவமானப்படக் கூடாது, சுனில் முகம் சுருங்கக் கூடாது என்று பாஞ்சாலி ஒன்றும் சொல்லாமல் அதைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி மேல் அலமாரியில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் வெள்ளைச் சக்கரை கைமாற்று வாங்கி காபி போட்டாள். அதற்குப் பிறகு ஜெயாவை அடுப்புப் பக்கமே விடவில்லை. அதனால் விஷயம் அப்படியே நின்றுவிட்டது.

"நான் வந்த புதுசுல வாங்கிட்டு வந்தேனே, அந்தச் சக்கரையாக்கா?"

'அது இல்லம்மா, உங்க ஊரு சீனி' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்து சுனில் குரல் கொடுத்தான். "ஜெயா! என் நீலச் சட்டை எங்க வெச்சிருக்கே?"

பதினைந்து வருடமாக "அண்ணி, சட்டை எங்க?" என்று கேட்ட குரல் அது.

வந்த வார்த்தையைப் பாஞ்சாலி விழுங்கிவிட்டாள்.

"சக்கரைன்னா சக்கரைதான். எத்தினி தபா சொல்றது? சும்மா பேஜார் பண்ணாத," என்று எழுந்துகொண்டாள்.

வெல்லத்தில் பால் பட்டால் திரிந்துவிடும். எந்தச் சமையலறையில் கேட்டாலும் சொல்வார்கள். டின் பாலானாலும் பால் பால்தானே? சட்டி நிறையத் திப்பி திப்பியாக நிற்கப் போகிறது. நிற்கட்டும். நான் பொய் சொன்னேனா? இல்லையே. அவள் ஊர் பாஷைக்கு நான் என்ன செய்வேன்? இப்படித் தனக்குத் தானே வாதாடி, தனக்குத் தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டாள்.

பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், மகள் சோனியா ஸ்கூல் யூனிஃபார்மில், ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு, சித்தியின் தோளில் சாய்ந்து அந்தக் காலண்டர் தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் பேனா. இரண்டு பேரும் ஏதோ குசுகுசுவென்று பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பது பாஞ்சாலி காதில் விழவில்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தான் பெற்ற பெண் இன்னொருத்தி தோளில் சாய்ந்திருந்ததுதான்.

"ஏய் சோனியா! டைம் ஆவலையா? ஜல்தி கெளம்புடி!" என்று கத்தினாள். கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போனது.

* * *

பத்து மணிக்கு ஜெயா அடுப்பைப் பற்றவைத்தாள். பாஞ்சாலி வீட்டில் இருக்கவில்லை. பட்டர் பேப்பர் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, பட்டர் பேப்பர் வாங்கி, வேண்டாத ஊக்கும் வாங்கி, பக்கத்துத் தெரு கேத்தரின் வீட்டு வாசலில் நின்று நோய் நொடியெல்லாம் விசாரித்து, அதற்கு மேல் கால் தரிக்காமல் திரும்பி வந்தாள்.

வாசலில் ஏறும்போதே திரிந்த பால் வாடை அடிக்கும் என்று மூக்கைத் தயாராக வைத்திருந்தாள்.

வந்தது வேறு வாசனை. கோகோதான், ஆனால் அதற்கு அடியில் காய்ச்சிய பாகின் கனத்த மணம், லேசாகக் கருகலுக்கு முந்தின பதம். பாஞ்சாலியின் வாயில் எச்சில் ஊறியது. அதுதான் அவளுக்கு முதல் அடி.

ஜெயா சட்டியை இறக்கிக் கீழே வைத்து, டின் பாலைக் கம்பியாக ஊற்றிக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"எறக்கி வெச்சா ஊத்துறே?"

"ஆமாக்கா. அடுப்புல வெச்சு ஊத்துனா திரிஞ்சுபோயிரும்ல? முதல்ல சக்கரையில தண்ணி விட்டுக் கரைச்சு, மண்ணு போக வடிகட்டி, பாகு வெச்சுட்டேன். தண்ணியில ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பாத்துட்டு எறக்கி, சூடு தணியவிட்டு பாலை ஊத்துறேன். இனிமே சிறுதீயில வெச்சுக் கிண்டுனா அம்புட்டுதான்."

"இதெல்லாம் யாரு சொன்னா உனக்கு?"

"எங்கம்மா கோவில்பட்டியில கடலைமிட்டாய் கம்பெனிக்குத்தானக்கா போனாங்க. லீவு விட்டா நானும் போவேன். பாகுன்னா கண்ணை மூடிக்கிட்டு வைப்பேன்."

இதை யாரும் பாஞ்சாலிக்குச் சொல்லவில்லை. அவளும் இந்த ஆறு வாரத்தில் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

ஒரு மணிக்கு சோனியா வந்தாள். பையைக்கூடக் கழற்றாமல் அம்மா தட்டில் ஒரு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நல்லா இருக்கும்மா. எப்பவும் போல."

அடுத்ததாகச் சித்தியின் சட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, விரலால் வழித்து வழித்து நக்கினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேச நேரமில்லை அவளுக்கு.

எப்பவும் போல! இந்தச் சொல் ஒரு நாள் தன்னை இப்படிக் குத்தும் என்று பாஞ்சாலி நினைத்ததே இல்லை.

சுனில் சாப்பாட்டுக்கு வந்தான். மை படிந்த கையைக் கழுவினானோ இல்லையோ, கிட்டத்தில் இருந்த தட்டில் ஒன்றை எடுத்து வாயில் போட்டான். நின்றான். கண்ணை மூடினான்.

"அண்ணி! இன்னா அண்ணி பண்ணீங்க இந்த வருஷம்? பதினோரு வருஷமா துண்ணுகினு இருக்கேன், இந்த மாதிரி ஒரு தபா வந்ததில்லயே! பக்கா மால் அண்ணி. ஜெயா, நீ தோத்தே போ."

அவன் எடுத்தது ஜெயாவின் தட்டில்.

சோனியா களுக்கென்று சிரித்தாள். ஜெயா தலையைக் குனிந்துகொண்டு சோறு போட்டாள். பாஞ்சாலி எழுந்து போய்ப் பின்கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். பாவி, நாக்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டாளே!

அங்கே நின்றபடியேதான் அவளுக்கு அடுத்த யோசனை வந்தது. இன்னும் ஒரு துருப்பு கையில் இருக்கிறதே. ஃபட்ஜில் வெல்லம் போடுவார்களா? மேடம் கட்டன் ரைட்டான ஆள். ஒரு வார்த்தை காதில் போட்டால் போதும்.

* * *

மூன்று மணிக்கு மௌரீன் மேடம் மேஜையில் இரண்டு தட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மேடம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சின்னக் கத்தியால் பாஞ்சாலியின் தட்டில் ஒரு ஓரம் வெட்டி வாயில் போட்டார்.

"வெரி நைஸ், பாஞ்சாலி. எப்பவும் போல."

அவரும் அதையே சொன்னார்.

கத்தி அடுத்த தட்டுக்குப் போகும் முன் பாஞ்சாலி முந்திக்கொண்டாள். "மேடம், ஒரு விசயம். கோச்சுக்காதீங்க. இந்தப் பொண்ணு அதுல வெள்ளை சக்கரை போடல. வெல்லம் மாதிரி ஒண்ணு இருக்குதே, நாட்டுச் சக்கரை, அதப் போட்டுட்டா. பாவம், ஊருப் பொண்ணு. ஃபட்ஜ பத்தி அதுக்கு இன்னா தெரியும்?"

ஜெயா திடுக்கிட்டதாகத் தெரியவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

மேடம் புருவத்தைத் தூக்கினார். வெட்டினார். மென்றார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது.

"மை காட். இது என் மம்மியோட ஃபட்ஜ்."

தான் கேட்டது சரிதானா என்று பாஞ்சாலிக்குச் சந்தேகம் வந்தது.

"மம்மி பிரவுன் ஷுகர்தான் போடுவா. மம்மி போனப்புறம் அளவு யாருக்கும் தெரியாது. நானும் எத்தனை தடவை செஞ்சு பார்த்தேன், வரல. விட்டுட்டேன்." அவர் ஜெயாவின் பக்கம் திரும்பினார். "யாரு சொல்லிக் குடுத்தது உனக்கு?"

"அக்காதான்," என்றாள் ஜெயா.

மேடம் சட்டென்று திரும்பினார்.

"பாஞ்சாலியா?"

"ஆமா மேடம். அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதிக்கிட்டேன். பாருங்க." பர்ஸிலிருந்து காலண்டர் தாளை எடுத்து மேஜையில் விரித்தாள்.

மேடத்துக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனாவைத் திறந்தார். "பாஞ்சாலி, நீ படி. நான் இங்கிலீஷ்ல எழுதிக்கிறேன்."

பாஞ்சாலி தாளை எடுத்தாள். அஞ்சாங்கிளாஸ் படிப்பு அவளுக்கு அன்றைக்குப் பார்த்து நன்றாகவே ஞாபகம் வந்தது.

"கன்டென்ஸ்டு மில்க்கு ஒரு டின்னு. கோகோ அரை கப்பு. வெண்ணெ..." படித்துக்கொண்டே போனாள். "சக்கரை ஒண்ணரை கப்பு."

குரல் அங்கே நின்றது.

பென்சிலில் எழுதிய அந்த வரிக்குப் பக்கத்தில் நீலப் பேனாவில் ஒரு வரி இருந்தது. ஸ்கூல் பிள்ளையின் குண்டு எழுத்து. அவள் பெற்ற பெண்ணின் எழுத்து.

'சித்தி, பாட்டில்ல இருக்கறது இல்ல. இங்க சக்கரைன்னா ஒயிட் ஷுகர். அம்மாவுக்குத் தெரியும், மறந்துட்டாங்க போல.'

"சொல்லு, சொல்லு. அப்புறம்?" என்றார் மேடம்.

"அப்புறம்... அவ்ளோதான் மேடம்."

ஜெயா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் எழுதி முடித்து, நோட்டை மூடி, அதை இரண்டு கையாலும் பாஞ்சாலியிடம் நீட்டினார். "நாட்டி கர்ல்! லெவன் இயர்ஸ் மனசுக்குள்ளயே வெச்சிருந்தியா இதை? என்கிட்ட சொல்லாம சின்னப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்து, அப்புறம் நீயே வந்து கம்ப்ளெய்ன்ட் பண்ற மாதிரி டிராமா வேற! இந்தா. உன்னை மாதிரி மனசு யாருக்கு வரும்? இது உனக்குத்தான்."

பாஞ்சாலி வாங்கிக்கொண்டாள். வாங்காமல் என்ன செய்வாள்? 'இல்லை' என்று சொல்ல வேண்டுமென்றால் முழுவதையும் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக ஆசைப்பட்ட நோட்டு கையில் இருந்தது. அதைத் தொடவே கூசியது.

* * *

ரயில்வே கேட் மூடியிருந்தது. சைக்கிள், ஆட்டோ, லாரி என்று கூட்டம் நெருக்கிக்கொண்டு நின்றது. இரண்டு பேரும் ஓரமாக ஒதுங்கினார்கள்.

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?" என்றாள் பாஞ்சாலி, தண்டவாளத்தைப் பார்த்தபடி.

"காலையிலேயேக்கா. அடுப்புப் பத்தவைக்கிறதுக்கு முன்னாடியே."

"தெரிஞ்சும் அதையே ஏன் போட்ட?"

ஜெயா யோசித்தாள். அவசரப்படவில்லை. "நீங்க சொன்னதைத்தானக்கா போட்டேன். வெள்ளைச் சீனியில என்னத்தைச் செஞ்சாலும் நீங்க செஞ்ச மாதிரிதானே வரும்? எனக்குச் சக்கரைதான் கைவந்தது."

தெரிந்தே செய்திருக்கிறாள். ஆறு வாரமாகக் குனிந்த தலையும், மெதுவான பேச்சுமாக நடமாடிய இந்தப் பெண்ணைப் பாஞ்சாலி இப்போதுதான் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். இருபத்திரண்டு வயதுதான். முகத்தில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. அதுதான் கஷ்டம். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம், இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கலாம், மூன்றாம் நாள் சரியாகியிருக்கும்.

"மேடத்துக்கிட்ட ஏன் என் பேரைச் சொன்ன?"

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

ரயில் தடதடவென்று போனது. கடைசிப் பெட்டியும் போய்ச் சத்தம் அடங்கும்வரை பாஞ்சாலி காத்திருந்தாள்.

"சரி. சாக்கு, போதும் வுடு. ஆனது ஆயிப்போச்சு. அந்தப் பேப்பரக் குடு," என்று கையை நீட்டினாள்.

ஜெயா தாளை நான்காக மடித்தாள். எட்டாக மடித்தாள். பர்ஸுக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நோட்டு உங்ககிட்ட இருக்கட்டும்க்கா. இது என்கிட்ட இருக்கட்டும்."

"அது எதுக்குடி உனக்கு?"

"வீட்டுல அங்கன இங்கன கெடந்து அவங்க கண்ணுல பட்டுறக் கூடாதுல்லக்கா." அவங்க என்றால் சுனில். "பெத்த தாயி மாதிரி உங்களை நினைச்சுக்கிட்டு இருக்காங்க. இதைப் படிச்சா மனசு ஒடைஞ்சுபோயிருவாங்க."

கேட் திறந்தது. கூட்டம் ஒரேயடியாக முன்னால் தள்ளியது. ஜெயா பர்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"வாங்கக்கா, நேரமாச்சு. ராத்திரிச் சமையல் நான் பாத்துக்கிறேன்."

பாஞ்சாலி நோட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தாள்.